ஆறு மணி ஜன்னல்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஒர்னெல்லாவைக் கண்டால் எனக்கு ஆகாது. அவள் எனக்கு ஒரு கெடுதலும் செய்ததில்லை. அதுதான் இன்னும் கடுப்பு. ஏதாவது செய்து தொலைத்திருந்தால் நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டுவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன்.

நாங்கள் இருவரும் வெனிஸில் ஊர் சுற்றிக் காட்டுகிறவர்கள். ஒரே வருஷம் பரீட்சை எழுதினோம், ஒரே நாளில் உரிம அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டோம். முப்பத்தோரு வருஷம் ஆகிறது. நான் குட்டை, அவள் நெட்டை. நான் மடக்கிய குடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, பின்னால் வருகிறவர்கள் தொலைந்து போகாமலிருக்கக் கத்திக்கொண்டே நடப்பேன். அவள் ஒரு வெள்ளைக் கைக்குட்டையை இரண்டு விரலில் பிடித்துக்கொண்டு போவாள், வாயே திறக்க மாட்டாள். அவள் பின்னால் போகிறவர்களும் மாதா கோயிலுக்குள் நுழைகிற மாதிரி அடக்கமாகப் போவார்கள். அதைப் பார்த்தாலே என் காதில் புகை வரும்.

போன இலையுதிர் காலத்திலிருந்து அவளுக்கு ஒரேயடியாகப் பேர் வந்துவிட்டது. காரணம் ஒரு மூலை. யாரும் பார்க்காத வெனிஸ் என்று சொல்லி அவள் மாலையில் ஒரு நடை கூட்டிப்போகிறாள். கடைசியில் எங்கேயோ ஒரு இடத்தில் கொண்டுபோய் நிறுத்துவாளாம். அங்கே படம் எடுக்கக் கூடாது, பேசக் கூடாது, எந்த இடம் என்று வெளியே மூச்சு விடக் கூடாது. சத்தியம் வாங்கிக்கொண்டுதான் கூட்டிப்போவாள். போய் வந்தவர்கள் வாயெல்லாம் பல்லாக வருகிறார்கள். கேட்டால், "அதை மட்டும் கேக்காதீங்க" என்கிறார்கள்.

என் வயிறு எப்படி எரிந்திருக்கும், நீங்களே சொல்லுங்கள். பிறந்ததிலிருந்து ஐம்பத்தெட்டு வருஷமாக இந்த ஊரில்தான் இருக்கிறேன். எந்த முற்றத்தில் கிணறு, எந்தக் கிணற்றின் விளிம்பில் சிங்கம், எந்தச் சிங்கத்துக்கு மூக்கு உடைந்திருக்கிறது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். அவளோ அக்கரையில், மெஸ்த்ரேயில் குடியிருந்துகொண்டு தினமும் பஸ்ஸில் வந்து போகிறவள். பஸ்ஸில் வருகிறவளுக்குத் தெரிந்த மூலை எனக்குத் தெரியாதா?

ஏப்ரல் கடைசி வாரம், திங்கட்கிழமை, சின்யோரா பரோசி என்னைக் கூப்பிட்டனுப்பினாள். இருபத்திரண்டு அறை உள்ள ஒரு ஓட்டலின் முதலாளி அவள். பதினாலு வருஷமாக அவள் விருந்தாளிகளைச் சுற்றிக் காட்டுவது நான். என் வேலையில் முக்கால்வாசி அந்த ஓட்டல்தான்.

"நீவெஸ், நேரடியா சொல்லிடறேன், கோச்சுக்காத. மே மாசத்துலேர்ந்து சீசன் முடியற வரைக்கும் ஒரே ஒரு ஆளைத்தான் வெச்சுக்கப் போறேன். எல்லாரும் ஒர்னெல்லாவோட மூலையைத்தான் கேக்கறாங்க."

"பதினாலு வருஷம், சின்யோரா. பதினாலு!"

"அதனாலதாம்மா மொதல்ல உன்கிட்ட சொல்றேன். சனிக்கிழமை சாயங்காலம் ஒர்னெல்லா என்னைக் கூட்டிட்டுப் போறா. அதுக்குள்ள அதைவிட நல்ல இடமா ஒண்ணு காட்டு. சீசன் உனக்கு."

அந்த ஓட்டல் போனால் ரயில் நிலையப் படியில் குடையோடு நின்று ஆள் பிடிக்க வேண்டும். இந்த வயதில், இருபது வயதுப் பொடிசுகளுக்கு நடுவில். நினைத்தாலே முழங்கால் வலித்தது.

மறுநாளே என்னிடம் இருப்பதிலேயே நல்ல இடத்தைக் காட்டினேன். மரப்படிக்கட்டும் கிணறும் அத்திமரமும் உள்ள ஒரு முற்றம். பரோசி ஒரு சுற்று சுற்றிப் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு. ஆனா இதை போன்ல பார்த்திருக்கேனே" என்றாள். அத்திமரத்தின் கீழே மூன்று பேர் தங்களைத் தாங்களே படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களை அப்படியே கிணற்றில் தள்ளிவிடலாமா என்றிருந்தது.

வீட்டுக்கு வந்ததும் என் புருஷன் ஆல்வீசேயிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். எங்கள் வீடு முதல் மாடி. சமையலறை ஜன்னல் பின்பக்கக் கால்வாயைப் பார்த்தது. கால்வாய் என்று பேர்தான், இரண்டு படகு எதிரெதிரே வந்தால் ஒன்று பின்னால் போக வேண்டும். எதிர்ப்பக்கம் ஒரு பழைய வீட்டின் முதுகு. அதை மிலானோக்காரன் ஒருவன் வாங்கிப் போட்டிருக்கிறான், வருஷத்தில் இரண்டு வாரம் வருவான். அந்த வீட்டின் அடியில் இருட்டாக ஒரு வளைவு, வளைவுக்குக் கீழே தண்ணீரில் இறங்கும் நாலு படி. ஏதோ ஒரு சந்தின் வால். எந்தச் சந்து என்று நான் யோசித்ததே இல்லை.

எங்கள் துணிக்கயிறு ஜன்னலிலிருந்து கால்வாயைத் தாண்டிப் போய், அந்த வளைவுக்குப் பக்கத்தில் சுவரில் இருக்கும் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டு திரும்பி வரும். காலையில் துணியை மாட்ட மாட்ட இழுத்து விடுவேன். அக்கம்பக்கத்துக் கயிறெல்லாம் இழுத்தால் பூனை வாலை மிதித்த மாதிரி அலறும். இந்த உப்புக் காற்றில் இரும்பு வேறென்ன செய்யும்? எங்களுடையது மட்டும் சத்தம் போடாது. என் கைராசி என்று எல்லோரிடமும் பீற்றிக்கொண்டிருந்தேன்.

ஆல்வீசே முப்பத்தைந்து வருஷம் படகு ஓட்டி ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்றபின் பகல் முழுக்க ஒரு பழைய பனியன்தான். ஆனால் சாயங்காலம் ஆறு மணி ஆனால் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, ஒரு கிளாஸ் ஒயினோடு ஜன்னலில் சாய்ந்துகொள்வார். நான் அடுப்புப் பக்கம் திரும்பி நின்று மத்தி மீனைப் பொரித்துக்கொண்டோ வெங்காயத்தை வதக்கிக்கொண்டோ இருப்பேன். அவர் கேட்பார்:

"அப்புறம் நீவெஸ், ஒர்னெல்லா இன்னைக்கு என்ன பண்ணா?"

அவ்வளவுதான். நான் ஆரம்பித்துவிடுவேன்.

"என்ன பண்ணாளா? கைக்குட்டையைத் தூக்கிக்கிட்டு அன்னம் மாதிரி நடந்து போனா! மூக்கைப் பார்த்திருக்கியா அவ மூக்கை? அவ பாலத்துல ஏறினா மூக்கு முன்னாடி எறங்கிடும்! மெஸ்த்ரேலேர்ந்து பஸ்ல வர்றவ எனக்கு வெனிஸ் காட்டறாளாம்! அந்த மூலை எங்கன்னு மட்டும் தெரியட்டும், அப்புறம் இருக்கு அவளுக்கு!"

"சரி சரி. அப்புறம்?"

"அப்புறம் என்ன அப்புறம்? யோவ், உனக்கு ஏன்யா அவளைப் பத்தி இவ்ளோ அக்கறை?"

புதன்கிழமைதான் எனக்குச் சுருக்கென்றது. ஆறு மணிக்குச் சட்டை மாற்றியவர், கண்ணாடி முன் நின்று தலையை வாரிக்கொண்டார். அறுபத்து மூன்று வயதில், மத்தி மீன் சாப்பிட யாராவது தலை வாருவார்களா? போன இலையுதிர் காலத்திலிருந்துதான் இந்தச் சட்டைப் பழக்கம். போன இலையுதிர் காலத்திலிருந்துதான் ஒர்னெல்லாவுக்குப் பேர் வந்தது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தேன். பார்த்திருக்கக் கூடாது. அன்றைக்கு ராத்திரி முழுக்கத் தூக்கம் இல்லை.

வியாழக்கிழமை மூலையைத் தேடி இறங்கினேன். ஓட்டலில் தங்கியிருந்த ஒரு டச்சுக் கிழவரை மடக்கினேன். முதல்நாள்தான் ஒர்னெல்லாவோடு போய் வந்தவர்.

"ஒரே ஒரு வார்த்தை சொல்லுங்க போதும். கிணறா? தோட்டமா? மாடமா?"

"சத்தியம் பண்ணிட்டேன், சின்யோரா." கண்ணில் தண்ணீர் வருமளவு சிரித்தார். "ஒரு குரல். அவ்வளவுதான் சொல்வேன். பாட்டு மாதிரி. ஆனா பாட்டு இல்ல."

பிறகு என்னையே உற்றுப் பார்த்தார். "உங்க குரலை எங்கயோ கேட்ட மாதிரி இருக்கே?"

"முப்பத்தோரு வருஷமா இந்த ஊர்ல கத்தறேன். கேட்டிருப்பீங்க" என்று பெருமையாகவே சொன்னேன். மடச்சி.

குரல் என்றதும் சங்கீதம் சொல்லித்தருகிறவர்கள் வீட்டை எல்லாம் வரிசையாகப் பார்த்தேன். ஒவ்வொரு ஜன்னலுக்கும் கீழே போய்க் காதை நீட்டினேன். ஒரு இடத்தில் மேலேயிருந்து தண்ணீர் ஊற்றினார்கள். தற்செயலா என்று தெரியவில்லை. நனைந்த தலையோடு வீட்டுக்குப் போனால், ஆறு மணி, சலவைச் சட்டை. "ஒர்னெல்லா இன்னைக்கு என்ன பண்ணா?"

அன்றைக்கு நான் கத்திய கத்தலில் எண்ணெய் தீய்ந்துபோனதைக்கூடக் கவனிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை மானம், மரியாதை எல்லாவற்றையும் மூட்டை கட்டி வைத்துவிட்டு அவளைப் பின்தொடர்ந்தேன். தலையில் துணி, கண்ணில் கறுப்புக் கண்ணாடி, அட்டை கைப்பைக்குள். பதினைந்து பேரோடு ஐந்து மணிக்குக் கிளம்பினாள். நானும் கடைசி ஆளுக்குப் பத்தடி பின்னால்.

ஒன்று ஒப்புக்கொள்ள வேண்டும், கெட்டிக்காரிதான். நேரே போகாமல் வளைத்து வளைத்து, ஒரே பாலத்தை இரண்டு திசையிலிருந்து ஏறி இறங்கி, கூடப் போகிறவர்களுக்குத் திசையே தெரியாமல் பண்ணிவிட்டாள். எனக்குத் தெரியாமல் போகுமா? கடைசியில் எங்கே வந்து சேர்ந்தோம் என்று பார்த்தால், நான் தினமும் மீன் வாங்கப் போகிற தெரு. சிரிப்பு வந்தது. இங்கே என்ன மூலை இருக்கப்போகிறது?

மீன்கடைக்கு நாலு கதவு தள்ளி ஒரு குறுகலான சந்து. அதற்குள் கைக்குட்டையைத் திருப்பினாள்.

அதைப் பார்த்து நான் நின்றுவிட்டேன். அது முட்டுச்சந்து. போனால் தண்ணீர்தான். ஈர வாடையிலேயே தெரிந்துவிடும். வெனிஸ்காரி ஒருத்தி முட்டுச்சந்துக்குள் நுழைய மாட்டாள். நுழைந்துவிட்டுத் திரும்பி வருகிறவர்களைப் பார்த்து நாங்கள் சின்ன வயதிலிருந்தே சிரித்துப் பழகியவர்கள். அது வெளியூர்க்காரர்களுடைய தப்பு. இருபத்தொன்பது வருஷமாக அந்தச் சந்தின் வாயைத் தாண்டி மீன் வாங்கப் போகிறேன், ஒரு தடவைகூட உள்ளே காலை வைத்ததில்லை.

வைத்தேன். உள்ளே போகப் போக மேலே வீடு மூடிக்கொண்டது. கடைசியில் கூரை தாழ்ந்த ஒரு வளைவு. பதினைந்து பேரும் இருட்டில் சுவரோடு ஒட்டி, சத்தமில்லாமல் நின்றார்கள். நான் ஒரு பருமனான ஆளுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு எட்டிப் பார்த்தேன்.

அம்மாடி.

வளைவுக்கு வெளியே பச்சைத் தண்ணீர். தண்ணீருக்கு அந்தப் பக்கம் செங்கல் தெரியத் தெரிய உதிர்ந்த சிவப்புச் சுவர், சாயங்கால வெயில் அதன் மேல் பட்டு, கீழே தண்ணீரிலும் அதே சிவப்பு. மேலே ஒரு சின்ன மாடத்திலிருந்து ஊதாப் பூங்கொடி வழிந்து பாதிச் சுவரை மூடியிருந்தது. குறுக்கே ஒரு கயிற்றில் வெள்ளைத் துணிகள். பூவுக்கு நடுவில் ஒரு ஜன்னல். முப்பத்தோரு வருஷத்தில் நான் யாருக்கும் இவ்வளவு அழகான இடத்தைக் காட்டியதில்லை. யாருடைய வீடு இது, எந்தப் புண்ணியவதி இங்கே குடியிருக்கிறாள் என்று நினைத்தேன். அவள்மேலும் சேர்த்துப் பொறாமைப்பட்டேன், அந்த முன்பின் தெரியாத வீட்டுக்காரிமேல்.

அப்போது கயிற்றில் தொங்கிய மேஜை விரிப்பைப் பார்த்தேன். ஓரத்தில் ஒயின் கறை. பரோசியைத் திட்டிக்கொண்டே நான் கொட்டிய ஒயின். என் வீட்டின் பின்பக்கத்தை இப்படி வெளியே நின்று நான் பார்த்ததே இல்லை.

மாதா கோயில் மணி ஆறு அடித்தது. ஜன்னலில் ஆல்வீசே வந்து நின்றார். சலவைச் சட்டை, வாரிய தலை, கையில் கிளாஸ். பின்னால் திரும்பி, நாடகக்காரன் மாதிரி குரலை உயர்த்தி, "அப்புறம் நீவெஸ், ஒர்னெல்லா இன்னைக்கு என்ன பண்ணா?" என்றார்.

பதிலில்லை. எப்படி இருக்கும்? பதில் சொல்ல வேண்டியவள் இங்கே ஒரு பருமனான ஆளின் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டிருக்கிறாள்.

என் பக்கத்தில் ஒரு அம்மாள் ஒர்னெல்லாவின் காதில், "இன்னைக்கு அவங்க உங்களைத் திட்ட மாட்டாங்களா?" என்று கேட்டாள். நிஜமான ஏமாற்றம் அந்தக் குரலில்.

ஆல்வீசே ஒருமுறை உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்து, தண்ணீருக்கு மேலே குனிந்து, அடிக்குரலில், "ஒர்னெல்லா! இன்னைக்குக் கச்சேரி இல்ல. அவ வீட்டுக்கே வரல" என்றார்.

"எங்க போனா?"

"எங்க போவா? உன்னைத் தேடித்தான் போயிருப்பா."

பதினைந்து பேரும் சிரித்தார்கள். ஆனால் உடனே சிரிப்பு அடங்கிவிட்டது. ஒருவர் கடிகாரத்தைப் பார்த்தார். இன்னொருவர் கொட்டாவி விட்டார். நான் அவர்கள் திரும்புவதற்கு முன்னாலேயே வெளியே வந்துவிட்டேன். முகம் அடுப்பில் வைத்த மாதிரி கொதித்தது. எட்டு மாதமாக என் வயிற்றெரிச்சல்தான் அவளுடைய மூலை!

இரண்டு பாலம் சுற்றி வீட்டுக்கு வந்து சேர்ந்ததும் கைப்பையைத் தூக்கி மேஜைமேல் எறிந்தேன். ஆல்வீசே பனியனுக்கு மாறிக்கொண்டிருந்தார்.

"பாதிக் கை உள்ள, பாதிக் கை வெளிய, அப்படியே நில்லு! எத்தனை நாளாய்யா என்னை வெச்சுக் கூத்து நடத்தற?"

அவர் மூஞ்சி வெளுத்துப்போனது. "பார்த்துட்டியா?"

"பார்த்தேன். கேட்டேன். கச்சேரியாமே!"

"நீவெஸ், மொதல் நாள் தற்செயலாத்தான் நடந்துச்சு, சத்தியமா. அவ நாலு பேரைக் கூட்டிட்டு சும்மா அந்தப் படியில வந்து நின்னா. நீ அப்பப் பார்த்து அவ மூக்கைப் பத்திப் பேசின. எல்லாரும் விழுந்து விழுந்து சிரிச்சாங்க. அவளும்தான் சிரிச்சா."

"அவளுக்கு அந்தச் சந்து எப்படித் தெரியும்?"

பனியனைச் சரியாக மாட்டிக்கொள்ள அவருக்கு ரொம்ப நேரம் ஆனது. "அவ அந்த எதிர் வீட்ல பொறந்தவ. நமக்குக் கல்யாணம் ஆறதுக்கு முந்தின வருஷம்தான் வித்துட்டு மெஸ்த்ரே போனாங்க."

"சின்ன வயசுலேர்ந்து எதிர் எதிர் ஜன்னலா? இருபத்தொன்பது வருஷமா ஒரு வார்த்தை சொல்லல நீ!"

"சொன்னா நீ என்னை விட்டுவெச்சிருப்பியா? நான் அவளைப் பார்த்து ஒண்ணும் உருகல, நீவெஸ். எங்களுக்குள்ள எப்பவும் கயிறு சண்டைதான். அந்தக் கயித்துல எங்கம்மா பாதி நாள், அவங்கம்மா பாதி நாள் துணி போடுவாங்க."

அவரை நம்பினேனா என்று கேட்காதீர்கள். பாதி நம்பினேன். ஆனால் அந்த நேரத்தில் என் மூளை வேறு பக்கம் ஓடிக்கொண்டிருந்தது. இன்றைக்கு நான் இல்லாதபோது என்ன ஆனது? கொட்டாவி விட்டார்கள். பூவும் வெயிலும் சிவப்புச் சுவரும் அப்படியேதான் இருந்தன, ஆனாலும் கொட்டாவி விட்டார்கள். இந்த மூலையை நான் திருட முடியாது, வாஸ்தவம். வளைவுக்குக் கீழே நின்று ஆட்களுக்குக் காட்டினால் ஜன்னலில் நான் இருக்க மாட்டேன். ஆனால் சனிக்கிழமை பரோசி வந்து நிற்கும்போது ஜன்னலைச் சாத்திவிட்டால்? ஒர்னெல்லாவிடம் ஒன்றுமே இருக்காது. பதினாலு வருஷப் பழக்கத்துக்காகவாவது சீசன் எனக்கு வரும்.

அன்றைக்குத்தான் ஒரு வாரத்தில் முதல்முறையாக நிம்மதியாகத் தூங்கினேன்.

சனிக்கிழமை ஐந்தரைக்கே ஜன்னலைச் சாத்தினேன். மரக்கதவையும் சாத்திக் கொக்கியைப் போட்டேன். அடுப்பை அணைத்தேன்.

"மூச்சு முட்டுது, நீவெஸ்" என்றார் ஆல்வீசே.

"முட்டட்டும். சட்டை மாத்தினே, தொலைச்சிடுவேன்."

ஆறு அடித்தது. நான் மரக்கதவின் இடுக்கில் காதை வைத்துக்கொண்டு நின்றேன். கீழே காலடிச் சத்தம் வந்து அடங்கியது. ஒரு நிமிஷம். இரண்டு நிமிஷம். யாரோ இருமினார்கள். பரோசியின் குரல் தண்ணீரைத் தாண்டி நன்றாகக் கேட்டது: "இவ்வளவுதானா ஒர்னெல்லா? அழகாத்தான் இருக்கு. ஆனா..."

ஆனா! அந்த ஒரு வார்த்தை என் காதில் தேனாகப் பாய்ந்தது. ஆல்வீசேயைப் பார்த்துக் கட்டை விரலை உயர்த்திக் காட்டினேன். அவர் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

அப்போது ஒர்னெல்லா பேச ஆரம்பித்தாள். அதே மெதுவான, பட்டுப் போன்ற குரல்.

"இன்னைக்கு வீட்ல ஆள் இல்ல போலிருக்கு, சின்யோரா. பரவாயில்ல, நான் சொல்றேன். இந்தப் பூங்கொடி இருக்கே, இதை நட்டது அந்த வீட்டுப் பெரியம்மா. ஆல்வீசேயோட அம்மா. அப்படி ஒரு கைராசி அந்தம்மாவுக்கு."

நான் நிமிர்ந்தேன்.

"இப்ப மருமக ஒருத்தி இருக்கா. அவளுக்குச் செடி கொடியெல்லாம் ஒண்ணும் வராது. பெரியம்மா வெச்ச புண்ணியம், அது பாட்டுக்குத் தானா வளருது."

"வேணாம் நீவெஸ்" என்றார் ஆல்வீசே. "வேணாம். சீசன். சீசனை நினைச்சுக்கோ."

நினைத்துக்கொண்டேன். சத்தியமாக நினைத்துக்கொண்டேன். ரயில் நிலையப் படியை நினைத்தேன், குடையை நினைத்தேன், முழங்காலை நினைத்தேன். கை தானாகக் கொக்கியைத் தட்டிவிட்டது. மரக்கதவு இரண்டும் சுவரில் போய் மோதின.

"யாருடி கைராசிக்காரி? யாருடி? அந்தப் பொம்பளை நட்டாளா? வெச்ச அன்னைக்கே தொட்டியோட தூக்கிக் கால்வாய்ல போடப் பார்த்தவடி அவ! வேர் சுவரைத் தின்னுடும்னு பதினோரு வருஷம் தினம் ஒரு அழுகை! தெரியாம ஊத்தற மாதிரி வெந்நீரை ஊத்தினா, ரெண்டு தடவை! நான் படகுல மண்ணு கொண்டு வந்து, ஒவ்வொரு கொம்பா வெட்டி, கட்டி, குளிர்ல கம்பளி சுத்தி வளர்த்தேன்! தானா வளருதா? தானா உன் மூக்குத்தான்டி வளருது! எனக்குச் செடி வராதா? அக்கரையில பால்கனியில பிளாஸ்டிக் பூ வெச்சிருக்கிறவ எனக்குச் சொல்றாளா? வா, மேல வா, எந்தக் கொம்பை என்னைக்குக் கட்டினேன்னு ஒவ்வொண்ணா சொல்றேன்!"

இன்னும் நிறையச் சொன்னேன். எல்லாவற்றையும் அச்சில் போட முடியாது. மாமியார் போய்ச் சேர்ந்து பத்து வருஷம் ஆகிறது, அவளையும் விடவில்லை. நான் மூச்சு வாங்க நிறுத்தியபோது இருட்டு வளைவுக்குள்ளிருந்து கைதட்டல் கிளம்பியது. கால்வாய்ச் சுவர்களில் பட்டு அது இரண்டு மடங்காக எதிரொலித்தது. மேல் வீட்டு ஜன்னலில்கூட யாரோ தட்டினார்கள்.

"நீவெஸ்! நீயா அது!" பரோசி படி விளிம்புக்கு வந்து மேலே பார்த்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். "ஐயோ, எனக்கு விலா நோகுது. பதினாலு வருஷமா இதை எங்கேம்மா ஒளிச்சு வெச்சிருந்த?"

பிறகு அவள் ஒர்னெல்லாவின் கையைப் பிடித்துக் குலுக்கியதைப் பார்த்தேன். ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை. சீசன் போய்விட்டது. என் வாயாலேயே போய்விட்டது.

கூட்டம் கலைந்தது. ஒர்னெல்லா மட்டும் போகவில்லை. வளைவிலிருந்து வெளியே வந்து முதல் படியில் நின்றாள். எங்களுக்கு நடுவில் நாலு கை அகலத் தண்ணீர்தான்.

"வேணும்னே சொன்ன" என்றேன்.

"ஆமா."

"கொடியை நட்டது நான்னு உனக்குத் தெரியும்."

"ஆல்வீசே சொல்லியிருக்கான். கம்பளி சுத்தினதுகூடத் தெரியும்."

"அப்புறம் எதுக்குடி?"

"நீ ஜன்னலைச் சாத்திட்ட. வேற எப்படித் திறக்க வைக்கிறது?" கைக்குட்டையை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள். "எட்டு மாசமா உன் வாயால என்னைப் பத்திக் கேக்கறேன், நீவெஸ். மூக்கு, நடை, பஸ்ஸு. ஒரு நாள்கூட எனக்குக் கோவம் வரல. ஏன்னு யோசிச்சியா?"

"ஏன்?"

"நீ உள்ள நின்னு என்னைத் திட்டற. நான் வெளிய நின்னு கேக்கறேன். என் வீட்டுப் படியில, பரதேசி மாதிரி. இதுல யாரு யாரைப் பார்த்துப் பொறாமைப்படணும், நீயே சொல்லு."

ஜன்னல் கட்டையில் உதிர்ந்து கிடந்த பூவை எடுத்துத் தண்ணீரில் போட்டேன்.

அவள் பையிலிருந்து ஒரு சின்னப் போத்தலை எடுத்தாள். செருப்பைக் கழற்றினாள். படியின் பக்கத்தில் நீட்டிக்கொண்டிருந்த கல்மேல் ஒரு காலை வைத்து ஏறி, வளைவைப் பிடித்துக்கொண்டு, கயிற்றுச் சக்கரத்துக்குள் இரண்டு சொட்டு எண்ணெய் விட்டாள். விரலால் ஒருமுறை சுற்றிப் பார்த்தாள். என் மேஜை விரிப்பு லேசாக அசைந்தது.

"என்ன பண்ற?" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை.

"எந்தச் சுவர்ல சக்கரம் இருக்கோ அந்த வீட்டுக்காரங்கதான எண்ணெய் போடணும்? மிலானோக்காரனுக்கு அதெல்லாம் தெரியுமா?" கீழே இறங்கிச் செருப்பை மாட்டிக்கொண்டாள். "வீட்டைத்தான் வித்தோம். சக்கரத்தை விக்கல."

"எத்தனை வருஷமா?"

"வித்ததுலேர்ந்து. மாசத்துக்கு ஒரு தடவை." மணியைப் பார்த்தாள். "ஏழு பத்து பஸ்ஸை விட்டா அப்புறம் நிக்கணும். வர்றேன்."

அவள் வளைவுக்குள் நுழைந்துவிட்டாள். நான் கயிற்றைப் பிடித்து இழுத்தேன். கறை பட்ட மேஜை விரிப்பு என்னிடம் வந்தது, ஒரு சின்னச் சத்தம்கூட இல்லாமல். இருபத்தொன்பது வருஷமாக என் கைராசி என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தது அவளுடைய கை. அதிலும் அவளே முந்திக்கொண்டாளே என்று வயிறு எரிந்தது, கண்ணிலிருந்து தண்ணீரும் வந்தது. எது முதலில் வந்தது என்று சொல்லத் தெரியவில்லை.

"ஒர்னெல்லா!" என்று கத்தினேன். "நாளைக்கு அடுத்தவங்க நட்ட கொடியைப் பத்திப் பேசினே, வெந்நீர் ஊத்துவேன்! உன் மேல!"

இருட்டுக்குள்ளிருந்து காலடிச் சத்தம் நின்றது. "ஆறு மணிக்கா?"

"வேற எப்ப? ஆறு மணிக்குத்தான்!"